எம்.எஸ்சி. உயிரியல் படிக்கப் போறீங்களா? சேருவதற்கு முன் உங்கள் போனிலேயே பார்க்க வேண்டியவை



பி.எஸ்சி. தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், பயோடெக்னாலஜி... இதில் ஏதாவது ஒன்றை முடித்திருக்கிறீர்களா? அல்லது உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இறுதியாண்டில் இருக்கிறார்களா? அப்படியானால் "அடுத்து எம்.எஸ்சி. போடலாமா?" என்ற பேச்சு வீட்டில் தொடங்கியிருக்கும். "போடு, எதுக்கும் ஒரு பி.ஜி. இருக்கட்டும்" என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள்.

"எதுக்கும் இருக்கட்டும்" என்று சேர்வதில்தான் சிக்கலே இருக்கிறது. எம்.எஸ்சி. என்பது இரண்டு வருஷம், நான்கு செமஸ்டர், கூடவே குடும்பத்தின் பணம். இரண்டு வருஷம் கழித்து ஒரு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "உங்கள் பட்டம் இந்தப் பணிக்குத் தகுதியானது அல்ல" என்று பதில் வந்தால், அந்த இரண்டு வருஷத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். ஆனால் அந்தப் பதில் வருமா வராதா என்பதைச் சேருவதற்கு முன்பே, கையில் இருக்கும் போனிலேயே பார்த்துவிட முடியும். எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் இந்தப் பாடம். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. கடைசியிலிருந்து தொடங்குங்கள்

எந்தக் கல்லூரி, என்ன கட்டணம் என்பதெல்லாம் அப்புறம். முதலில் ஒரு தாளை எடுத்து, "எம்.எஸ்சி. முடிச்ச பிறகு நான் எங்கே நிற்கணும்?" என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு பாதைகள்தான் இருக்கும்.

முதல் பாதை, பள்ளி ஆசிரியர். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியர் ஆக எம்.எஸ்சி.யோடு பி.எட். பட்டமும் வேண்டும். தேர்வை நடத்துவது ஆசிரியர் தேர்வு வாரியம்.

இரண்டாவது பாதை, கல்லூரிப் பேராசிரியர். உதவிப் பேராசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யில் குறைந்தது 55 சதவீத மதிப்பெண் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமிலேயர் அல்லாத ஓ.பி.சி. பிரிவினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் 5 சதவீதம் தளர்வு உண்டு. அதற்கு மேல் நெட் அல்லது செட் தேர்ச்சி, இல்லையென்றால் விதிமுறைப்படி பெற்ற பிஎச்.டி. வேண்டும். ஆக, எம்.எஸ்சி.யில் 54 சதவீதம் வாங்கும் பொதுப் பிரிவு மாணவருக்கு இந்தக் கதவு திறக்காது. "பாஸ் ஆனா போதும்" என்ற எண்ணத்தை முதல் செமஸ்டரிலேயே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது பாதை, ஆராய்ச்சி. எம்.எஸ்சி.க்குப் பிறகு பிஎச்.டி., அதற்குப் பிறகும் சில ஆண்டுகள். நீண்ட பாதைதான். ஆனால் உதவித்தொகையோடு நடக்கக்கூடிய பாதை. அந்தத் தொகை எவ்வளவு என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

நான்காவது பாதை, தனியார் துறை. மருந்து, தடுப்பூசி, உணவு, விதை, நீர்ப் பரிசோதனை நிறுவனங்களில் தரக் கட்டுப்பாடு, உற்பத்தி, ஆய்வகப் பணிகள் இருக்கின்றன. இங்கே பட்டத்தின் பெயரைவிட "நீங்களே கையால் என்னென்ன செய்திருக்கீங்க?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவாக்கிக் கொள்வோம். மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியன் பணிக்குக் கேட்கப்படுவது பெரும்பாலும் டி.எம்.எல்.டி. போன்ற மருத்துவ ஆய்வகப் படிப்பு. "எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடிச்சா அதைவிடப் பெரிய படிப்புதானே" என்று நினைத்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடலாம். படிப்பு பெரியதா சிறியதா என்பது வேறு, அந்த வேலைக்கு உரியதா என்பது வேறு.

2. பட்டத்தின் பெயர் ஏன் முக்கியம்?

இன்று உயிரியல் எம்.எஸ்சி.க்கு ஏகப்பட்ட பெயர்கள். பயோடெக்னாலஜி, அப்ளைடு மைக்ரோபயாலஜி, லைஃப் சயின்ஸ், பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ், மரைன் பயாலஜி, வைல்டுலைஃப் பயாலஜி என்று பட்டியல் நீளும். எல்லாமே நல்ல பாடங்கள்தான். ஆனால் அரசுப் பணி அறிவிக்கைகள் பாடத்தின் பெயரைச் சொல்லித்தான் தகுதியைக் கேட்கின்றன.

ஒரு உதாரணம் பாருங்கள். இந்திய வனப் பணித் தேர்வுக்கு எம்.எஸ்சி. தேவையில்லை, இளநிலைப் பட்டம் போதும். ஆனால் அந்தப் பட்டத்தில் கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். தாவரவியலும் விலங்கியலும் அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கின்றன. பயோடெக்னாலஜி என்ற பெயர் இல்லை. காட்டில் வேலை பார்க்கணும் என்ற கனவோடு இருப்பவர் பாடம் எடுக்கும்போதே இதைப் பார்க்க வேண்டாமா?

மாநில அரசுப் பணிகளுக்கு "சமநிலை" என்று ஒரு நடைமுறை உண்டு. ஒரு பட்டம் இன்னொரு பட்டத்துக்குச் சமம் என்று உயர்கல்வித் துறை அரசாணை வெளியிடும். உதாரணமாக, ஒரு பல்கலைக்கழகம் வேறு பெயரில் வழங்கும் பட்டம் வேலைவாய்ப்புக்கு எம்.எஸ்சி. விலங்கியலுக்குச் சமமா இல்லையா என்பதை அந்த அரசாணைதான் சொல்லும். கல்லூரி விளம்பரப் பலகை சொல்வதோ சீனியர் சொல்வதோ செல்லாது. "ரெண்டும் ஒண்ணுதான்" என்று யாராவது சொன்னால், "அரசாணை எண் சொல்லுங்க" என்று கேளுங்கள்.

இதைப் போனில் எப்படிப் பார்ப்பது?

• ஆசிரியர் தேர்வு வாரியத்தின் இணையதளத்துக்குப் போய், கடைசியாக வந்த முதுகலை ஆசிரியர் அறிவிக்கையைப் பதிவிறக்குங்கள். "கல்வித் தகுதி" பகுதியில் உங்கள் பாடம் எந்தப் பெயரில் இருக்கிறது, எந்தப் பட்டங்கள் சமமாக ஏற்கப்படுகின்றன என்று படியுங்கள்.

• இளநிலையிலும் முதுநிலையிலும் ஒரே பாடம் படித்திருக்க வேண்டுமா என்பதையும் அதே அறிவிக்கையில் பாருங்கள். இளநிலையில் பயோடெக்னாலஜி படித்துவிட்டு முதுநிலையில் விலங்கியலுக்கு மாற நினைப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகவே கூடாது.

• தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் இணையதளத்தில் கல்வித் தகுதிச் சமநிலை அரசாணைகள் தொகுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

• தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. பள்ளி முதல் அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். நீங்கள் சேரப்போகும் எம்.எஸ்சி. எந்த வழியில் நடத்தப்படுகிறது என்று கல்லூரியில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நான்கையும் பார்க்க ஒரு மாலை நேரம் போதும். இரண்டு வருஷத்தைக் காப்பாற்றும் மாலை அது.

3. எங்கே படிக்கலாம்?

அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரிகளில் முதுநிலைச் சேர்க்கைக்கு டி.என்.கேஸா இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்வு செய்ய முடியும். இளநிலை மதிப்பெண், இட ஒதுக்கீடு அடிப்படையில் தரவரிசை வரும். கட்டணம் மிகக் குறைவு. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் ஒரு நல்ல அரசுக் கல்லூரி இருந்தால் அதைக் குறைவாக நினைக்காதீர்கள். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் பயணமும் இலவசம்.

அதே நேரம், சில பாடங்களுக்குச் சில ஊர்கள்தான் சரியான இடம். கடல் உயிரியல் படிக்க விரும்புபவருக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல்சார் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. வெள்ளாறு கடலில் கலக்கும் இடம் அங்கே. கழிமுகம், அலையாத்திக் காடு, கடற்கரை எல்லாமே நடந்து போகும் தூரத்தில் இருக்கும்போது பாடம் புத்தகத்தில் மட்டும் நிற்காது. காட்டுயிர் உயிரியல் என்றால் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரி. அங்கே படித்துவிட்டு இந்தியாவின் பல காடுகளில் ஆய்வு செய்பவர்கள் இருக்கிறார்கள். பயோடெக்னாலஜியில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நீண்ட காலமாகப் பெயர் பெற்றது. தாவர வகைப்பாட்டில் ஆர்வமா? திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியமும், கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் உலர்தாவரத் தொகுப்புகளுக்குப் பெயர் போனவை.

மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் திருவாரூரும் புதுச்சேரியும் பக்கத்திலேயே இருக்கின்றன. கொஞ்சம் தள்ளிப் போகத் தயார் என்றால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், தேசிய உயிரியல் அறிவியல் மையம், ஐ.ஐ.டி.கள் என்று வாசல்கள் பல.

ஒரு கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்தத் துறையில் நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர்? கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டை மாணவர்கள் எங்கே செய்கிறார்கள்? போன வருஷம் முடித்தவர்களில் இரண்டு பேரிடம் பேச முடியுமா? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் நம்பர் தரும் துறை, பெரும்பாலும் நல்ல துறையாகத்தான் இருக்கும்.

4. நுழைவுத் தேர்வுகள்: போன் காலண்டரில் குறித்து வையுங்கள்

நம்ம பிள்ளைகள் பலர் நல்ல இடங்களை இழப்பது மதிப்பெண் இல்லாமல் அல்ல, தேதி தெரியாமல். "ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கலாம்" என்று மே மாதம் வரை காத்திருந்தால் கீழே சொல்லும் தேர்வுகளில் பல முடிந்திருக்கும். இறுதியாண்டு தொடங்கும்போதே பார்க்க வேண்டியவை இவை.

ஜாம்: ஐ.ஐ.டி.கள் நடத்தும் தேர்வு. விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில். தேர்வு பிப்ரவரியில். உயிரியல் மாணவர்களுக்குப் பயோடெக்னாலஜி தாள் இருக்கிறது. 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். இதில் பிளஸ் டூ அளவிலான கணிதம், இயற்பியல், வேதியியலும் வரும். பழைய புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்குங்கள்.

சி.யு.இ.டி. முதுநிலை: திருவாரூர், புதுச்சேரி உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இது. தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். தெரியாததை ஊகித்து எழுதும் பழக்கம் இங்கே கை கொடுக்காது.

கேட்-பி: மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவு பெற்ற முதுநிலைப் படிப்புகளுக்கானது. இதில் இடம் கிடைத்தால் படிக்கும்போதே மாத உதவித்தொகையும் உண்டு. இங்கேயும் ஒரு பகுதி பிளஸ் டூ அளவிலான இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல்தான்.

தேசிய உயிரியல் அறிவியல் மையம் போன்ற நிறுவனங்களின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. ஆராய்ச்சிதான் என் பாதை என்று உறுதியாக இருப்பவர்கள் எம்.எஸ்சி.யையும் பிஎச்.டி.யையும் ஒரே இடத்தில் முடிக்கலாம்.

விண்ணப்பிக்கும்போது ஒரு எச்சரிக்கை. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தாலும் மொபைல் எண், மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கடைக்காரரின் மின்னஞ்சலைப் போட்டுவிட்டால் ஹால் டிக்கெட், ஓ.டி.பி., கலந்தாய்வுத் தகவல் எல்லாம் அவருக்குத்தான் போகும். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள்.

5. சான்றிதழ்கள்: இ-சேவையில் இப்போதே

இடம் கிடைத்த பிறகு சான்றிதழுக்கு ஓடுவது வேண்டாம். சேர்க்கைக்குக் கிடைக்கும் அவகாசம் சில நாட்கள்தான். வருமானச் சான்றிதழ் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படிப்படியாகப் போய்த்தான் வரும்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை இணையதளத்தில் குடிமக்கள் உள்நுழைவு வழியாக நீங்களே விண்ணப்பிக்கலாம். முதல் முறை என்றால் முதலில் கேன் எண் பதிவு செய்ய வேண்டும். ஒருமுறை பதிந்துவிட்டால் அடுத்தடுத்த சான்றிதழ்களுக்கும் அதே எண்தான். விண்ணப்ப எண்ணை வைத்து எந்த அலுவலரிடம் நிற்கிறது என்பதையும் போனிலேயே பார்க்கலாம்.

இதில் பலர் தவறவிடும் மூன்று விஷயங்கள்:

ஒன்று, ஓ.பி.சி. சான்றிதழ். நம் மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை வைத்து மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஓ.பி.சி. இடம் கேட்க முடியாது. அதற்கு மத்திய அரசின் படிவத்தில், கிரீமிலேயர் அல்லாதவர் என்று குறிப்பிடும் தனிச் சான்றிதழ் வேண்டும். அதுவும் பொதுவாக அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாகக் கேட்பார்கள். இதையும் இ-சேவையிலேயே விண்ணப்பிக்கலாம்.

இரண்டு, முதல் பட்டதாரிச் சான்றிதழ். இதன் கல்விக் கட்டணச் சலுகை தொழிற்கல்விப் படிப்புகளில் சேருபவர்களுக்கானது. எம்.எஸ்சி. கட்டணத்தை இதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

மூன்று, பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால், மதிப்பெண் சான்றிதழில் முன்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக. நம்ம ஊரில் இது வீட்டுக்கு வீடு இருக்கும் பிரச்சினை. எல்லா ஆவணங்களையும் ஒரே நேரத்தில் விரித்து வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த வேண்டியது இருந்தால் இப்போதே திருத்துங்கள்.

வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுபவர்கள் இடப்பெயர்வுச் சான்றிதழும் வாங்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களை டிஜிலாக்கரில் சேர்த்து வையுங்கள். அதில் வழங்கப்படும் ஆவணத்துக்கு அசலுக்கு இணையான சட்ட மதிப்பு உண்டு.

6. பணம்: கடைசியாக யோசிக்கும் விஷயம் அல்ல

எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் மாணவர்களுக்கு மாநில அரசின் கல்வி உதவித்தொகைத் திட்டங்கள் இருக்கின்றன. குடும்ப வருமான வரம்பும் ஆண்டுதோறும் விண்ணப்ப அறிவிப்பும் கல்லூரியிலேயே கிடைக்கும். கல்லூரி மூலம் யு.எம்.ஐ.எஸ். தளத்தில் உங்கள் விவரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

உதவித்தொகை ஒப்புதலாகியும் பணம் வராமல் நிற்பதற்கு ஒரு முக்கியக் காரணம் ஆதார் சீடிங். "என் அக்கவுண்ட்ல ஆதார் லிங்க் பண்ணியாச்சே" என்பீர்கள். கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது வேறு, அரசுப் பணம் வந்து சேருவதற்கான கணக்காக அதைச் சீடிங் செய்திருப்பது வேறு. மைஆதார் தளத்தில் உள்நுழைந்து வங்கி சீடிங் நிலையைப் பாருங்கள். எந்த வங்கி, செயலில் உள்ளதா என்று காட்டும். பழைய, பயன்படுத்தாத கணக்கு அங்கே தெரிந்தால் வங்கிக்குப் போய் மாற்றுங்கள்.

தேசிய உதவித்தொகைத் தளத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவின் முதுநிலை உதவித்தொகை ஒன்று இருக்கிறது. மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்கு 10 மாதங்கள். இளநிலை மதிப்பெண் அடிப்படையில் தேர்வு. முதலாம் ஆண்டில் சேர்ந்தவுடன் இதைப் பாருங்கள்.

கடன் வாங்கித்தான் ஆகணும் என்றால், கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை பொதுவாக அடமானச் சொத்து கேட்பதில்லை. 7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதித் திட்டம் இருக்கிறது. ஆனால் ஒன்று. முதல் பாடத்தில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய பாதையில் முதல் சம்பளம் எப்போது வரும்? அதற்கு முன் தவணை தொடங்கிவிடுமா? இந்தக் கணக்கை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து போடுங்கள். பெரிய பெயருக்காகப் பெரிய கடன் வாங்குவதைவிட, அரசுக் கல்லூரியில் கடனில்லாமல் படித்து நெட் எழுதுவது பல குடும்பங்களுக்கு நல்ல முடிவாக இருக்கும்.

7. ஏமாற வேண்டாம்

"சீட் வாங்கித் தர்றேன்" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் தளத்தில் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் இருக்கிறது. தொலைநிலைப் படிப்பு என்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் தளத்தில் பாருங்கள். மூன்றும் பொருந்த வேண்டும்.

ஒரு கல்லூரியில் சேர்ந்த பிறகு வேறு நல்ல இடம் கிடைத்துவிட்டதா? அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குறித்த நாட்களுக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவும் விதி இருக்கிறது. வாய்ச் சொல்லாகக் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் மானியக் குழுவின் குறைதீர் தளம் இருக்கிறது, முதல்வரின் உதவி மையம் 1100 இருக்கிறது. ஆன்லைனில் பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

8. இரண்டு வருஷத்தை எப்படிப் பயன்படுத்துவது?

சேர்ந்தாச்சு. இப்போதுதான் உண்மையான வேலை. எம்.எஸ்சி.யில் மற்றவர்களிடமிருந்து உங்களை வேறுபடுத்திக் காட்டுவது கடைசி செமஸ்டர் புராஜெக்ட். ஆனால் அதற்கு விதை போடுவது முதல் வருஷத்தில்.

மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து ஆண்டுதோறும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. தேர்வானால் நாட்டின் ஒரு நல்ல ஆய்வகத்தில் இரண்டு மாதம் விஞ்ஞானி ஒருவரிடம் வேலை கற்கலாம். அரசுக் கல்லூரி மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். எழுதித் தர வேண்டிய குறிப்பில் "எனக்கு ஆர்வம் அதிகம்" என்று எழுதாதீர்கள். நீங்கள் பார்த்த ஒரு உயிரி, உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, அதை எப்படிச் சோதிப்பீர்கள் என்று எழுதுங்கள்.

பணம் கொடுத்தால் புராஜெக்ட்டை முடித்துப் புத்தகமாகவே பைண்டு செய்து கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. போகாதீர்கள். மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஆய்வேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் 40 சதவீதம் வரை நகல் இருந்தால் திருத்தி மறுபடி தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு தர முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முதுநிலை ஆய்வேட்டுக்கும் இது பொருந்தும். அதைவிடப் பெரிய நஷ்டம் நேர்காணலில் தெரியும். "இந்த ஜெல்லில் மூன்றாவது பட்டை ஏன் மங்கலா இருக்கு?" என்று கேட்டால், அதைச் செய்தவருக்கு மட்டும்தான் பதில் தெரியும்.

நல்ல புராஜெக்ட்டுக்குப் பெரிய இயந்திரம்தான் வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர் ஏரியில் எந்த மாதம் எந்தப் பறவை வருகிறது, எந்த வயலில் எந்தப் பூச்சி அதிகம், கிணற்று நீரில் என்ன நுண்ணுயிரி என்பவையெல்லாம் நல்ல கேள்விகள். ஆனால் காப்புக்காட்டுக்குள்ளோ சரணாலயத்துக்குள்ளோ ஆய்வு செய்ய வனத்துறை அனுமதி கட்டாயம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள உயிரினத்தைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். "படிப்புக்காகத்தான் எடுத்தேன்" என்பது அங்கே பதிலாகாது.

போனிலேயே கிடைக்கும் கருவிகளையும் பயன்படுத்துங்கள். ஸ்வயம், என்.பி.டி.இ.எல். தளங்களில் மூலக்கூறு உயிரியல் முதல் புள்ளியியல் வரை இலவசப் பாடங்கள் இருக்கின்றன. பப்மெட்டில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடலாம். ஷோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைப் படிக்கலாம். இ-பேர்டு செயலியில் பறவைகளைப் பதியலாம். ஒவ்வொரு பொங்கலின்போதும் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். புள்ளியியலை மட்டும் ஒதுக்காதீர்கள். உயிரியல் மாணவர்கள் பயப்படுவது அதற்குத்தான், எந்த ஆய்வகத்திலும் முதலில் தேவைப்படுவதும் அதுதான்.

9. நெட் தேர்வு: இரண்டாம் ஆண்டிலேயே

சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வை எம்.எஸ்சி. இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். உயிர் அறிவியல் தாள் 200 மதிப்பெண், 3 மணி நேரம். மொத்தம் 145 கேள்விகள் இருக்கும். ஆனால் எழுத வேண்டியது 75 மட்டுமே. பொதுத் திறன் பகுதியில் 20-க்கு 15, இரண்டாம் பகுதியில் 50-க்கு 35, மூன்றாம் பகுதியில் 75-க்கு 25. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு குறையும்.

இந்தக் கணக்கு நமக்கு ஒன்று சொல்கிறது. மூன்றாம் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தாலே போதும். எல்லா அலகுகளையும் அரைகுறையாகப் படிப்பதைவிட, சில அலகுகளை ஆழமாகப் படிப்பது பலன் தரும். செல் உயிரியல், மரபியல், சூழலியல், பரிணாமம் என்று உங்களுக்குப் பிடித்தவற்றைத் தேர்ந்தெடுத்து அவற்றில் வலுவாகுங்கள்.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் பிஎச்.டி.யின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். ஆக மாதம் 42,000 ரூபாய், கூடவே விதிப்படி வீட்டு வாடகைப் படி. வீட்டில் பணம் கேட்காமல் ஆராய்ச்சி செய்ய ஒரு வழி இது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

படித்துவிட்டுப் போனை மூடி வைத்துவிடாதீர்கள். இந்த வாரம் நான்கு வேலைகள்:

1. எம்.எஸ்சி.க்குப் பிறகு எந்தப் பாதை என்று ஒரு வரி எழுதுங்கள்.

2. அந்தப் பாதைக்குரிய கடைசி அறிவிக்கையைப் பதிவிறக்கி, கல்வித் தகுதிப் பகுதியை மட்டும் படியுங்கள்.

3. மைஆதாரில் வங்கி சீடிங் நிலையையும், ஆவணங்களில் பெயரையும் சரிபாருங்கள்.

4. நுழைவுத் தேர்வு மாதங்களைப் போன் காலண்டரில் நினைவூட்டலோடு போடுங்கள்.

கல்லூரிக்கே போகாத பெற்றோர் வீட்டிலிருந்து எம்.எஸ்சி.க்கு வரும் பிள்ளைகள் நம் மாநிலத்தில் ஏராளம். அவர்களுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. உங்களுக்குத் தெரிந்த அப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அந்த அறிவிக்கையைச் சேர்ந்து படியுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும்.